ஏல நிலத்துக்கு மூல ஆதாரம் (தாய்ப் பத்திரம்) படிச்சு சொல்ற நாகர்கோவில் வக்கீல் ஆபீஸ்: 7,500 ரூபா குடுத்து நாங்க தெரிஞ்சுக்கிட்டது

இத எழுதி ரெண்டு மாசமாவது முன்னாடியே போட்டிருக்கணும், வீட்டு வேலை, பிள்ளைங்க பரீட்சைன்னு தள்ளிப் போயிடுச்சு. கன்னியாகுமரி மாவட்டத்துல பேங்க் ஏலத்துலயோ கோர்ட் ஏலத்துலயோ நிலம் வாங்கணும்னு நெனைக்கிறவங்க, முக்கியமா வெளிநாட்டுல இருந்து வீட்டுக்காரர் அனுப்புற காசுல இங்க இடம் தேடுற என்ன மாதிரி ஆளுங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. நான் சொல்லப் போறது நாகர்கோவில் கோர்ட்டுக்கு நடந்து போற தூரத்துல இருக்கிற ஒரு வக்கீலம்மா ஆபீஸோட சேவைய பத்தி. பேரு போடல, அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆனா அவங்க என்ன வேலை செஞ்சாங்க, அதுக்கு என்ன காசு ஆச்சுன்னு எல்லாம் சொல்றேன், அத வச்சு நீங்க உங்க ஊர்ல தெரிஞ்ச வக்கீல்கிட்ட இதே வேலையக் கேட்டு வாங்கிக்கலாம்.

விஷயம் இதுதான். திங்கள்சந்தை பக்கம் 32 சென்ட், தென்னை நிக்கிற விளை, அதுக்குள்ள ஒரு ஓட்டு வீடு. பேங்க் ஏலம், பேப்பர்ல நோட்டீஸ் வந்திருந்துச்சு. ரிசர்வ் பிரைஸ், அதாவது ஏலம் ஆரம்பிக்கிற குறைஞ்சபட்ச விலை, 24,60,000. அந்தப் பக்கம் சென்ட் ஒண்ணரை லட்சத்துக்குக் குறைஞ்சு யாரும் பேசவே மாட்டாங்க, அப்படிப் பாத்தா 48 லட்சம் பெறுமானம் பாதி விலைக்கு வருது. எங்க வீட்டுக்காரர் குவைத்துல இருந்து ராத்திரி ராத்திரி போன் பண்ணி "எடுத்துருவோம், எடுத்துருவோம்"னு ஒரே பிடி. புரோக்கர் ஒருத்தர் வேற "அக்கா, பேங்க்காரன் வக்கீல் வச்சு பாத்துதானே லோன் குடுத்திருக்கான், நாம திருப்பிப் பாக்க என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தாரு. முன்பணம் 10 சதவீதம், 2,46,000 ரூபா கட்டணும். கட்டத் தயாராவும் இருந்தோம்.

எங்க சித்தப்பா கதை மட்டும் ஞாபகத்துக்கு வரலன்னா கட்டியே இருப்போம். அவங்க 2009ல தோவாளை தாலுகாவுல ஒரு வயல கோர்ட் ஏலத்துல எடுத்தாங்க. கடன் பாக்கி கேஸ்ல டிக்ரி (கோர்ட் தீர்ப்பு) ஆகி வந்த ஏலம். முழுப் பணமும் கட்டி, விற்பனைச் சான்றிதழும் வாங்கியாச்சு. சுவாதீனம் எடுக்க, அதாவது நிலத்த கைவசம் வாங்க, கோர்ட் ஆமீனோட போனா, வயல்ல ஒரு குடும்பம் மூணு தலைமுறையா பாட்டத்துக்கு (குத்தகைக்கு) பயிர் வச்சிட்டு இருக்கு, குத்தகைப் பதிவேட்டுல அவங்க பேரும் இருக்கு. ஆமீன் என்ன செஞ்சாருன்னா, வரப்புல நின்ன ஒரு பனைமரத்துல சான்றிதழோட நகல ஒட்டி, தண்டோரா போட்டு, "இனிமே இந்த நிலத்துக்கு இவருதான் சொந்தக்காரர்"னு சத்தமா சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான் சுவாதீனம். குத்தகைதாரர் இருக்கிற நிலத்துக்கு சட்டப்படி அப்படித்தான் குடுக்க முடியுமாம், சிவில் நடைமுறைச் சட்டத்துல 21வது கட்டளை 96வது விதி. சித்தப்பாவுக்கு இப்ப 71 வயசு. இன்னும் அந்த வயல்ல கால் வைக்கல. வருஷத்துக்கு கொஞ்சம் நெல் பாட்டமா வருது, அதுவும் சில வருஷம் வராது. அந்தக் குடும்பத்தையும் நான் தப்பு சொல்ல மாட்டேன், உழுறவங்க அவங்க, 1955 பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவங்கள அப்படியெல்லாம் சும்மா வெளியேத்த விடாது, அதுக்கு கோட்டாட்சியர்கிட்ட தனியா மனு போட்டு காரணத்த நிரூபிக்கணும். தப்பு எங்கன்னா, ஏல விளம்பரத்துல "குத்தகைக்கு உட்பட்டது"ன்னு ஒரு வரி இல்ல, சித்தப்பாவும் போய் பாக்கல.

இத மனசுல வச்சுதான் நான் ஆள் தேடினேன். எங்க மைனி கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க இந்த ஆபீஸ சொன்னாங்க.

ஆபீஸ் மாடியில. படி ரொம்பக் குத்தனையா இருக்கு, எங்கம்மா முட்டுவலியோட ஏறி வர முடியாம கீழ டீக்கடை பெஞ்சுலயே இருந்துட்டாங்க. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க இத மனசுல வச்சுக்கோங்க. உள்ள ரெண்டு ரூம். ஒண்ணுல மேடம், இன்னொண்ணுல குமாஸ்தா அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு எழுபது இருக்கும். இந்த ஆபீஸோட உண்மையான மதிப்பு அவருதான்னு எனக்கு அப்ப தெரியல.

மேடம் முதல்ல ஏல நோட்டீஸ வாங்கி ரெண்டு தடவ படிச்சாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "மூல ஆதாரம் எங்க?" நான் பேங்க் குடுத்த ஜெராக்ஸ் கட்ட நீட்டினேன். அதுல 1991ல எழுதின தான செட்டில்மெண்ட்ல இருந்துதான் ஆரம்பிக்குது. 2017ல லோன் குடுத்திருக்காங்க. வழக்கமா 30 வருஷ வில்லங்கம் பாப்பாங்க, அதுக்குள்ள 1991 ஆதாரம் வந்துருது, அதோட நிறுத்திட்டாங்க. அந்த 1991 ஆதாரத்துல "எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்து வருகிற 32 சென்ட்"னு இருக்கு. பாத்தியம் எப்படி வந்துச்சுன்னா, "முன் ஆதாரப்படி"ன்னு ஒரு நம்பரும் கொல்லம் வருஷமும் மட்டும். மேடம் அந்த இடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு, "இத எடுக்காம ஒரு ரூபா கட்டாதீங்க"ன்னாங்க.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு தெரியும், வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன். 1956 நவம்பர் 1க்கு முன்னாடி நாம திருவிதாங்கூர் (கடைசி சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி). பழைய ஆதாரம் பலதும் மலையாள எழுத்துல இருக்கும், தேதி கொல்லம் ஆண்டுல இருக்கும். ஆன்லைன்ல எடுக்கிற வில்லங்கம் அவ்வளவு பழசுக்குப் போகாது. சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மனு போட்டு, கையால தேடி, நகல் எடுக்கணும். இத செய்யறதுக்குத்தான் அண்ணாச்சி. ஒன்பது நாள் கழிச்சு நகல் வந்துச்சு. கொல்லம் 1121 மகர மாசம், அதாவது 1946 ஜனவரி பிப்ரவரி வாக்குல.

அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். அண்ணாச்சி கண்ணாடிய கழட்டித் தொடச்சுட்டு, ஸ்கேல வச்சு வரி வரியா, சத்தமா, மலையாளத்துல படிச்சு உடனே தமிழ்ல சொல்லிட்டே வந்தாரு. எல்லை சொன்னாரு, கிழக்க தோடு (ஓடை), மேற்க இடவழி. மரக் கணக்கு சொன்னாரு, தென்னை 14, பலா 2, அயனி 1. எட்டாவது வரியோ ஒன்பதாவது வரியோ, ஸ்கேல் நின்னுச்சு. "பாட்டாவகாசம்"னு படிச்சாரு. மறுபடி படிச்சாரு. நிமிந்து மேடம பாத்து, "தேவசம் வக பூமியில பாட்டாவகாசமும் மரங்களும் புரையும் (வீடும்) மட்டுந்தான் மேடம் வித்துருக்காவ, பூமிய விக்கல"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தை. 1946ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு வித்தது நிலத்த இல்ல, கோயில் நிலத்துல பாட்டத்துக்கு இருக்கிற உரிமைய. அது 1991 ஆதாரத்துல "பாத்தியம்"னு ஆயிடுச்சு. 2017ல பேங்க் ஃபைல்ல "சொத்து" ஆயிடுச்சு. ஏல நோட்டீஸ்ல "32 சென்ட் நிலமும் அதிலுள்ள கட்டிடமும்" ஆயிடுச்சு. யாரும் பொய் எழுதினாங்கன்னு கூட சொல்ல முடியாது, ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னாடி உள்ள ஒரே ஒரு தாள மட்டும் பாத்திருக்காங்க.

அப்புறம் ஏ-ரெஜிஸ்டர் (வருவாய்த் துறையோட நிலப் பதிவேடு) எடுத்தாங்க, இது ஆன்லைன்லயே கெடைக்கும், யாரு வேணும்னாலும் எடுக்கலாம். 32 சென்ட்ல 26 சென்ட் ஒரு சப் டிவிஷன் (சர்வே நம்பரோட உட்பிரிவு), அது கோயில் பேர்ல. கிழக்கால 6 சென்ட் இன்னொரு சப் டிவிஷன், அது மட்டும் அந்தக் குடும்பத்துக்கு சொந்தப் பட்டா. பேங்க் ஃபைல்ல இருந்த பட்டா அந்த 6 சென்டோடது. நம்பர் ஒண்ணுதான், கடைசியில வர்ற சப் டிவிஷன் எழுத்து மட்டும் வேற. நாங்க ஏலம் எடுத்திருந்தா 6 சென்டுக்கு 24 லட்சத்து 60 ஆயிரம் குடுத்த கணக்குதான். சென்ட் நாலு லட்சத்து பத்தாயிரம்!

நான் கேட்டேன், "சரி மேடம், பாட்ட உரிமைன்னா பாட்ட உரிமையாவது நமக்கு வருமா, அவங்க இருந்த மாதிரி நாம இருந்துக்கலாம்லா?" இதுக்கு அவங்க சொன்ன பதில் தான் இந்த 7,500 ரூபாவுக்கு மேல பெறுமானம் உள்ளது. எனக்கு புரிஞ்ச அளவுல எழுதுறேன்.

ஏலத்துல விக்கிறது நிலத்த இல்ல, கடன் வாங்கினவருக்கு அந்த நிலத்துல என்ன உரிமை இருக்கோ அத மட்டும். அவருக்கு முழு உரிமைன்னா முழுசும் வரும், அரைன்னா அரை, ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் வராது. நோட்டீஸ்ல "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்"னு போடுறது இதுக்குத்தான். அடுத்த கேள்வி, அந்த உரிமை கை மாறக்கூடியதா? குத்தகை எல்லாம் ஒரே மாதிரி இல்லயாம். சொத்து மாற்றுச் சட்டம் 108வது பிரிவுல, சாதாரண குத்தகைதாரர் தன் உரிமைய இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கலாம், ஒப்பந்தத்துல தடை இல்லன்னா. ஆனா அதே பிரிவுலயே, கை மாற்ற முடியாத அனுபோக உரிமை உள்ள குடியானவருக்கு இது பொருந்தாதுன்னும் இருக்கு. கோயில் நிலம்னா இன்னும் இறுக்கம். 1959 அறநிலையச் சட்டம் 34வது பிரிவுப்படி கோயில் சொத்த விக்கவோ, அடமானம் வைக்கவோ, 5 வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடவோ அறநிலையத் துறை கமிஷனர் அனுமதி வேணும், இல்லன்னா அது செல்லவே செல்லாது. அனுமதி இல்லாம வச்ச அடமானத்துல இருந்து ஏலம் வந்தா, அத எடுத்தவரு கோயில் கணக்குல குத்தகைதாரர் கூட இல்ல, அத்துமீறி இருக்கிறவர்னு நோட்டீஸ் வாங்குற நிலைமைக்கு வருவாரு. இத்தன வருஷம் ஆயிடுச்சே, அனுபோகப் பாத்தியம் வந்துடாதான்னும் கேட்டேன். கோயில் நிலத்த மீட்க கேஸ் போட காலவரம்புச் சட்டமே கெடயாதுன்னு அதே சட்டத்துல 109வது பிரிவு இருக்காம். பதிவுச் சட்டத்துல 22ஏ பிரிவும் இருக்கு, கோயில் நிலம்னு தெரிஞ்சா அனுமதி இல்லாம ஆதாரம் பதியவே மாட்டாங்க, நாளைக்கு நாம விக்கணும்னு போனா அங்க நின்னுடும்.

உழவுக் குத்தகைன்னா வேற மாதிரி. 1955 சட்டத்துல வர்ற பாதுகாப்பு, தானோ தன் வீட்டு ஆளுங்களோ உடம்பால உழைச்சுப் பயிர் பண்றவருக்குத்தான். அத ஏலத்துல எடுத்துட்டு குவைத்துல இருக்கிற எங்க வீட்டுக்காரர் "நான் பயிரிடும் குத்தகைதாரர்"னு சொல்ல முடியாது. சித்தப்பாவுக்கு நடந்தது இதுக்கு நேர் தலைகீழ், அங்க நில உடமை கைக்கு வந்துச்சு, குத்தகை அப்படியே நின்னுச்சு. எங்களுக்கு வர இருந்தது குத்தகை மட்டும், நில உடமை கோயில்கிட்டயே நின்னிருக்கும். ரெண்டுலயும் ஏல நோட்டீஸ் பாக்க ஒரே மாதிரிதான் இருந்துச்சு, இது எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது.

ஸ்ரீபண்டாரவகைன்னு ஆதாரத்துல பாத்தா பயந்துடாதீங்கன்னும் மேடம் சொன்னாங்க. அது பத்மநாபசுவாமி கோயில் நிலமா இருந்தது, 1964ல தனியா நம்ம மாவட்டத்துக்கே ஒரு சட்டம் போட்டு அத ரயத்துவாரியா (குடியானவரே நேரா அரசுக்கு வரி கட்டுற நிலமா) மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் முறையா பட்டா வாங்கியிருந்தா தைரியமா வாங்கலாம். அதே மாதிரி சர்க்கார் பண்டாரப்பாட்ட நிலத்துக்கு 1865லயே திருவிதாங்கூர் விளம்பரம் வந்து குடியானவருக்கு விக்கவும் அடமானம் வைக்கவும் முழு உரிமை குடுத்தாச்சு. அதனால "பாட்டம்"னு கண்டாலே ஓடக் கூடாது, யாரோட பாட்டம்னு பாக்கணும். உள்ளூர்க் கோயில் பாட்டமா, ஜென்மி (தனியார் நிலவுடமைக்காரர்) பாட்டமா, பண்டாரப் பாட்டமா. இத பிரிச்சுச் சொல்ல மாவட்டம் தெரிஞ்ச ஆள் வேணும். சென்னையில இருந்து ஆன்லைன்ல 2,999 ரூபாவுக்கு லீகல் ஒப்பீனியன் குடுக்குறோம்னு வர்றவங்களுக்கு 1121 மகரம் மலையாள எழுத்தப் படிக்கத் தெரியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

பேச்சுவாக்குல அவங்க வங்காளத்துக் கதை ஒண்ணு சொன்னாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அங்க 1885ல வந்த குத்தகைச் சட்டத்துல குடியானவருக்கு நிலத்துல தங்குற உரிமை குடுத்தாங்க, ஆனா அத விக்கலாமான்னு தெளிவா சொல்லல, அந்தந்த ஊர் வழக்கப்படின்னு விட்டுட்டாங்க. கடன் குடுத்தவர் டிக்ரி வாங்கி அந்த உரிமைய ஏலம் போடுவாரு, ஒருத்தர் எடுப்பாரு, ஜமீன்தார் "என் சம்மதம் இல்லாம எடுத்த ஆள எனக்குத் தெரியாது"ன்னு கை விரிச்சிடுவாரு. இந்த வழக்கு ஒண்ணா ரெண்டா. 1914ல கல்கத்தா ஹைகோர்ட்ல முழு அமர்வு உக்காந்து இதப் பாத்தாங்க. கடைசியில 1928ல சட்டத்த திருத்தி, குடியான் உரிமைய விக்கலாம், ஆனா ஜமீன்தாருக்கு கட்டணம் குடுக்கணும், அவருக்கு முன்கொள்முதல் உரிமையும் (மத்தவங்களுக்கு முன்னாடி தானே வாங்கிக்கிற உரிமை) உண்டுன்னு வச்சாங்க, 1938ல அந்தக் கட்டணத்தையும் எடுத்துட்டாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க சண்டை போட்ட அதே கேள்விதான் திங்கள்சந்தை 26 சென்டுலயும் நிக்குது: உரிமை இருக்கு, ஆனா அது கை மாறுமா?

இடத்த நேர்ல பாக்காம ரிப்போர்ட் குடுக்க மாட்டேன்னு மேடம் கறாரா சொல்லிட்டாங்க. ஒரு சனிக்கிழமை அண்ணன் வண்டியில நானும் அண்ணாச்சியும் போனோம். வீட்டு முத்தத்துல ஒரு பாட்டி, எண்பது இருக்கும், ஓலை முடைஞ்சிட்டு இருந்தாங்க. பச்ச ஓலைய கீறி, ஒண்ணு விட்டு ஒண்ணு மடக்கி, காலால நுனிய அமத்திக்கிட்டு. நாங்க யாருன்னு கேட்டதும் கை நின்னுச்சு. "நீங்கதான் ஏலம் பிடிக்கப் போறியளா மக்ளே?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அண்ணாச்சிதான், "இல்ல தாயி, காயிதம் பாக்க வந்தோம்"னாரு. பாட்டி உள்ள போய் ஒரு பிஸ்கட் டின் எடுத்துட்டு வந்தாங்க. உள்ள பாட்டம் கட்டின ரசீது, ரப்பர் பேண்ட் போட்டு, வருஷ வரிசையா. கடைசி ரசீது போன வருஷத்தோடது. "இது தேவசம் பூமிலா, எங்க மாமியார் காலத்துல இருந்து கெட்டுதோம். மவன் கடைக்கு லோன்னு சொல்லி ஒப்பு போடச் சொன்னான், போட்டேன். பூமி நம்மது இல்லன்னு நான் பேங்க்ல வச்சே சொன்னேன், அவிய கேக்கல"ன்னாங்க. டின்னோட அடியில ரசீதுக்குக் கீழ மஞ்சள் துண்டு ஒண்ணு போட்டிருந்தாங்க, பூச்சி அரிக்காம இருக்க. அந்தப் பாட்டி வச்சிருந்த அளவுக்கு ஒழுங்கா பேங்க் ஃபைல் இருக்கல.

திரும்பி வந்து மேடம் ரெண்டு விஷயம் செஞ்சாங்க. ஒண்ணு எங்களுக்கு, முன்பணம் கட்டாதீங்கன்னு எழுத்துல ரிப்போர்ட். இன்னொண்ணு எங்களுக்காக இல்ல, அதுக்கு காசும் வாங்கல. பாட்டி வீட்டு ஆளுங்கள கூப்பிட்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பி வச்சாங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியாது. பேங்க் நடவடிக்கைய எதிர்த்து கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல 45 நாளைக்குள்ள மனு போடணும், நமக்கு அது மதுரை, காலையில வண்டி ஏறினா ராத்திரி ஆயிடும் திரும்ப. குத்தகைதாரரா இருக்கிறவங்களும் இப்ப அங்க நேரா மனு போடலாம், 2016 திருத்தத்துல அத சேத்துட்டாங்க.

நாங்க மட்டும் புரோக்கர் பேச்ச கேட்டு ஏலம் எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மேடம்கிட்ட கணக்கு கேட்டேன். ஏலம் விழுந்த அன்னைக்கோ மறுநாள் வேலை நாள்லயோ 25 சதவீதம், முன்பணத்தோட சேத்து 6,15,000 கட்டணும். ஏலம் உறுதியானதுல இருந்து 15 நாள்ல மீதி, கெஞ்சிக் கேட்டு பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா மொத்தம் 3 மாசம் வரைக்கும். நடுவுல விஷயம் தெரிஞ்சு மீதியக் கட்டாம நின்னா அந்த 6,15,000 போச்சு. 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் நம்ம தமிழ்நாட்டுக் கேஸ் ஒண்ணுலயே இத உறுதியா சொல்லிட்டாங்க, ஏலம் எடுத்தவர் மீதிய கெடுவுக்குள்ள கட்டல, பணத்த திருப்பிக் குடுன்னு ஹைகோர்ட் சொன்னத ரத்து பண்ணி, பேங்க் எடுத்துக்கிட்டது சரின்னுட்டாங்க. கோர்ட் ஏலமா இருந்தா கொஞ்சம் வழி இருக்காம்: கடன் வாங்கினவருக்கு விக்கக்கூடிய உரிமையே இல்லன்னு சொல்லி ஏலத்த ரத்து பண்ணக் கேக்கலாம், 21வது கட்டளை 91வது விதி, ஆனா 60 நாளைக்குள்ள. எங்கள மாதிரி ஆளு 60 நாளுக்குள்ள இந்த விதி இருக்குன்னே கண்டுபிடிக்க மாட்டோம்.

இப்ப சேவையில எனக்குப் பிடிக்காதது. ஒரு வாரம்னு சொன்னாங்க, 15 நாள் ஆச்சு. நகல் வர ஒன்பது நாள் ஆனது அவங்க தப்பு இல்லதான், ஆனா நடுவுல நான் போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க, கோர்ட் நேரம்னு மெசேஜ் மட்டும் வரும். ஏலத் தேதி கிட்ட வரவர எனக்கு வயித்தக் கலக்கிட்டே இருந்துச்சு. ரிப்போர்ட் ஆறு பக்கமும் இங்கிலீஷ்ல, தமிழ்ல ஒரு பக்கமாவது சுருக்கமா குடுங்கன்னு கேட்டேன், வாயால சொன்னதோட சரி. இத நான் அவங்ககிட்ட நேராவே சொன்னேன், வாங்குறவங்க முக்காவாசி பேர் தமிழ்லதானே படிப்போம், வீட்டுக்காரருக்கு நான் அத போட்டோ எடுத்து அனுப்பி, அப்புறம் போன்ல ஒவ்வொரு பக்கமா விளக்கம் சொல்ல வேண்டியதாயிடுச்சு. நகல் செலவு 1,150 தனி, வண்டிச் செலவு நம்ம பொறுப்பு, இத முதல்லயே சொல்லியிருக்கலாம். காசு கையில வாங்கினாலும் ஜிபேல வாங்கினாலும் ரசீது குடுத்தாங்க, அது நல்லது. மொத்தம் 8,650 ஆச்சு.

5க்கு 4 குடுக்குறேன். அந்த ஒண்ணு குறைச்சது தமிழ் ரிப்போர்ட் இல்லாததுக்கும் போன் எடுக்காததுக்கும். அண்ணாச்சிக்குத் தனியா மார்க் போட முடிஞ்சா பத்துக்குப் பத்து போடுவேன். அவருக்கு அப்புறம் இந்த மலையாள எழுத்த படிக்க யாரு இருக்காங்கன்னு கேட்டேன், மேடமோட ஜூனியர் பொண்ணு ஒண்ணு தினமும் சாயங்காலம் அவர்கிட்ட உக்காந்து பழைய ஆதாரம் வாசிச்சுப் பழகுதாம். கேக்கவே நிம்மதியா இருந்துச்சு.

போறவங்க கையில ஏல நோட்டீஸ், பேங்க் குடுத்த ஆதார நகல், சர்வே நம்பர் சப் டிவிஷனோட எழுதி எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல போனாத்தான் மேடம பாக்க முடியும். ஏலத் தேதிக்கு மூணு வாரமாவது முன்னாடி போங்க, முதல் ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் குடுக்கிறாங்க, பேப்பர்ல பாத்த அன்னைக்கே கிளம்பினாத்தான் நேரம் பத்தும்.

அந்த ஏலத்துக்கு யாரும் வரல. பாட்டி வீட்டு மனு மதுரையில நிக்குது. அதுக்குள்ள போன வாரம் ரெண்டாவது நோட்டீஸ் வந்திருக்கு, இந்தத் தடவ 15 நாள் தான் டைம், ரிசர்வ் பிரைஸ் 22,14,000ன்னு குறைச்சிருக்காங்க. புரோக்கர் மறுபடி போன் பண்ணி "இப்பவாவது எடுங்க அக்கா, விலை இறங்கிருக்கு"ன்னாரு. நோட்டீஸ வாங்கி முழுசா படிச்சுப் பாத்தேன். 32 சென்ட்னுதான் இருக்கு. பாட்டம்ங்கிற வார்த்தை எங்கயும் இல்ல.